மேற்கே மேகம் கட்டும்போது

அன்புள்ள மருமகனுக்கு,

இடிமழையைப் படம் எடுக்க பைக்கில் திருத்தணிப் பக்கம் போகப் போவதாக உன் அம்மா போனில் சொன்னாள். உன்னைத் தடுக்கச் சொல்லித்தான் கூப்பிட்டாள். படம் எடுப்பதை நான் தடுக்க மாட்டேன். துரத்திப் போவதை மட்டும் விட்டுவிடு.

நீ வீடியோவில் பார்க்கும் அமெரிக்கச் சமவெளியில் புயல்மேகம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். அதனால் காரில் பின்தொடர்கிறார்கள். நம் மீஞ்சூரில் அந்தத் தேவையே இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலில் தரை காய்ந்திருக்க, பிற்பகலில் கடல்காற்று உள்ளே நுழைந்து மேற்கத்திக் காற்றோடு முட்டுகிறது. முட்டும் இடத்தில் காற்று மேலெழும்பி மேகம் கட்டுகிறது, பல நாள் ராணிப்பேட்டை, அரக்கோணம், திருத்தணி வட்டாரத்தில். மேலடுக்கில் வீசும் மேற்குக் காற்று அதைக் கடலை நோக்கித் தள்ளி வருகிறது. வழியிலேயே கரைந்துபோகும் நாளும் உண்டு. வரும் நாளில், இருட்டியபின் தானாகவே நம் ஊருக்கு வந்து சேரும்.

அது வரும் வழியில்தான் உனக்கான படம் இருக்கிறது. நல்ல இடிமேகம் 15 கிலோமீட்டர் உயரம் போகும். திருத்தணி உன் வீட்டிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். இடையில் வயலும் ஏரியும்தான். மறைக்க மலை கிடையாது. அடிமுதல் விரிந்த உச்சிவரை முழு மேகமும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும். மின்னல் உள்ளிருந்து வெளிச்சம் போட, உன் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும். அவ்வளவு தூரத்து இடி காதில் விழாது. மேகத்துக்கு அடியில் போய் நின்றால் சாம்பல் நிற மழைத்திரை மட்டும்தான் கிடைக்கும். இதை நீ நம்ப வேண்டும்.

மேற்குப் பார்த்த ஜன்னலில் ட்ரைபாட் போடு. ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் 15 விநாடி. ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு தூரத்து விளக்கில் ஃபோகஸ் வை. சென்னை டாப்ளர் ரேடாரின் படத்தை வானிலைத் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொண்டே இரு. மேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் நகர்ந்தால் உனக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. ஆனால் சில நாள் புது மேகம் பக்கத்திலேயே வெடித்துக் கிளம்பும்; ரேடாரை மட்டும் நம்பாதே, காதையும் தீட்டி வை.

மின்னலுக்குப் பின் 30 விநாடிக்குள் இடி கேட்டுவிட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வெளியே எங்கே இருந்தாலும் உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போ. பைக் காப்பாற்றாது. ஏரிக்கரை, தனிப் பனைமரம், மொட்டை மாடி, அத்திப்பட்டுப் பக்கத்து உயர்மின் கோபுரங்கள், எதன் அருகிலும் நிற்காதே. கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் உள்ளேயே இரு. 2021 ஜூலை 11 அன்று ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டை அருகே, காவல் கோபுரத்தில் மழையை ரசித்து செல்பி எடுத்துக்கொண்டிருந்தவர்கள்மேல் இடி விழுந்தது. 11 பேர் இறந்தார்கள்.

கவனமானவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடாதே. டிம் சமராஸ் சுழல்காற்று (டொர்னேடோ) ஆய்வுக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர். அந்தத் துறையில் அவரளவு நிதானமானவர் அரிது என்பார்கள். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே சுழல் சட்டென்று 4 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து திசை மாறியது. அவரும் மகன் பாலும் சகா கார்ல் யங்கும் காரோடு போய்விட்டார்கள்.

எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் தேதி, நேரம், திசை எழுதி வை. ஆடி பிறந்ததும் என் பழைய ட்ரைபாடை எடுத்துக்கொண்டு வருகிறேன். கனமானது, காற்றுக்கு ஆடாது. அம்மாவிடம் நீயே பேசிவிடு.

அன்புடன்,
மாமா