காவிய முடிவும் இரசிகர் உள்ளமும்

சென்ற சாரற் பருவத்தில், குற்றாலத்துப் பேரருவியில் நீராடிவிட்டு, நாமும் வகுப்புத் தோழர் ஒருவரும் தென்காசிக்குத் திரும்பப் பேருந்தை எதிர்நோக்கி நின்றோம். பேச்சு, 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-இல் நம் நாட்டில் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ என்னும் திரைப்படத்தைப் பற்றியது. 2008-இல் தொடங்கிய வீரகதைத் தொடரொன்றின் பெருமுடிவு அது. அதன்கண் ‘அயர்ன் மேன்’ என்னும் வீரன் உலகைக் காத்துத் தான் மாள்கின்றான். தமிழ்ப் பதிப்பில் அவனுக்கு நடிகர் விஜய் சேதுபதி குரல் கொடுத்ததையே பொறாமல், பழைய குரலே வேண்டுமென்று முறையிட்டோர் பலர். அவன் இறப்பை எங்ஙனம் பொறுப்பர்? அவனை மீண்டும் உயிர்ப்பிக்குமாறு வேண்டி 2021-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் விளம்பரப் பலகையே நாட்டினர். நம் தோழரும், “அம்முடிவை நான் ஒப்புக்கொள்ளேன்” என்றார்.

இதனைச் சிறுபிள்ளைத்தனமென்று தள்ளுதல் எளிது. ஆயின் 1962-இல் வந்த ‘பாசம்’ படத்தில் எம்.ஜி.ஆர். இறப்பதை அவர்தம் இரசிகர் ஏற்கவில்லை என்பது நம் பெரியோர் பலரும் அறிந்ததே. 1956-இல் வந்த ‘மதுரை வீரன்’ படத்திலும் அவர் இறக்கின்றார். அதுவோ பெருவெற்றி பெற்றது. காரணம் யாது? மதுரை வீரன் மாண்டும் தெய்வமாய் நிற்பவன். ஊர்தோறும் அவனுக்குப் படையலுண்டு. வீரன் இறப்பதன்று, இறந்து ஒன்றுமில்லாமற் போவதே மக்கட்குப் பொறுக்கலாகாதது போலும்.

நிற்க. நம் பாடநூலாகிய கம்பராமாயணத்தை நோக்குவோம். வடமொழி உத்தரகாண்டத்தில் சீதை நிலத்துட் புகுகின்றாள். இராமன் சரயு நதியில் இறங்குகின்றான். கம்பரோ திருமுடி சூட்டி, வந்தோர்க்கு விடைகொடுத்து, அவ்வளவில் நிறுத்திவிட்டார். தமிழ் உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பாடியதென்பது வழக்கு. ஆகவே கம்பரும் ஓர் இரசிகரே. தமக்கு உவந்த இடத்தில் கதையை முடித்துக்கொண்ட இரசிகர்.

அக்கம்பரையும் திருத்தத் துணிந்த இரசிகர் ஒருவர் இக்குற்றாலத்திலேயே வாழ்ந்தார். அவரே இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் இல்லத்தில் கூடிய ‘வட்டத்தொட்டி’, பின்னர்க் குற்றாலத்திலும் கூடிற்று. கம்பர் பாட்டை அவர் வாய்விட்டுப் பாடக் கேட்டு, அதுவரை கம்பரைத் தொடாதோரும் கம்பர்க்கு அடியராயினர். அவர் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைச் செவியாலும் உள்ளத்தாலும் நிறுத்துப் பார்த்தார். தாளமும் உணர்ச்சியும் இசையாதவற்றையெல்லாம் இடைச்செருகலென்று விலக்கினார். சில இடங்களிற் சொல்லையும் மாற்றினார். ஏட்டுச் சான்று கேட்ட புலவர்கள் சினந்தனர். 1954-இல் அவர் மறைந்த பின்னும் அவ்வழக்கு ஓயவில்லை. மூலபாடம் கற்கும் மாணவராகிய நாம் புலவர் பக்கமே நிற்கவேண்டியவர். எனினும் இரசிகமணியை நினைத்து உள்ளூர மகிழ்வதை மறைப்பானேன்?

நமக்கு இவ்வினா வேறொரு வகையிலும் நெருங்கியது. மாற்கு எழுதின சுவிசேஷம், நான்காம் நூற்றாண்டின் பழம்பிரதிகள் இரண்டில், 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றது: கல்லறையினின்று ஓடிய ஸ்திரீகளின் அச்சமும் மௌனமுமே அங்கு முடிவு. நாம் ஓதிவரும் மற்றைப் பன்னிரண்டு வசனங்கள் பிற்காலத்தார் சேர்த்தன என்பது அறிஞர் பலர் துணிபு. இதனை முதன்முதற் கேட்ட நாளில் நம் மனம் கலங்கியது உண்மை. பின்பு, அவ்வசனங்களை எழுதிய கையை எண்ணிப் பார்த்தோம். அவ்வச்சத்தோடு நூலை மூடிவைக்க அவர்க்கு மனம் வரவில்லை போலும். பொய் புனையும் எண்ணமன்று அது. பிற சுவிசேஷங்கள் கூறிய செய்தியே அவற்றிலும் பெரிதும் காணப்படும். அன்று முதல், முற்பட்ட பாடம் எதுவெனக் கேட்பதும், பிற்பட்ட வசனத்தை அன்போடு ஓதுவதும் நமக்கு முரணாகத் தோன்றவில்லை.

பேருந்தில் அமர்ந்ததும் இவற்றையெல்லாம் தோழருக்குச் சொன்னோம். “அப்படச்சுருள் நும் கையிற் கிடைத்தால் இறுதிப் பகுதியை வெட்டிவிடுவீரோ?” என்று வினவினோம். தென்காசிக் கோபுரம் கண்ணிற் படும்வரை அவர் வாய் திறக்கவில்லை. பின்பு, “வெட்டமாட்டேன், ஆனால் அவ்விடம் வரும்போது எழுந்து வெளியே போய்விடுவேன்” என்றார்.