எழுதிய முட்டை

இயேசுபெருமான் உயிர்த்தெழுந்த நாளைக் கிறித்தவர்கள் ஈஸ்டர் திருநாளாகக் கொண்டாடுவர். அந்நாள் அணுகுங்கால், உக்ரைன் நாட்டு இல்லங்களில் தாயும் மக்களும் ஒருங்கமர்ந்து கோழிமுட்டைகளில் சித்திரம் எழுதுவர். அம்முட்டைக்குப் ‘பிசங்கா’ என்பது பெயர். எழுதுதல் என்னும் பொருளுடைய வினையினின்று பிறந்த சொல் அது. ஓவியம் எழுதுதல் என்பது நம் பழந்தமிழ் வழக்குமன்றோ!

எழுதுகோலின் நுனியில் சிறு கூம்பு ஒன்று உண்டு. அதில் தேன்மெழுகை இட்டுச் சுடரில் உருக்கி, அவிக்காத முட்டையின்மேல் கோடு இழுப்பர். வெள்ளையாக நிற்கவேண்டிய இடங்களை முதற்கண் மெழுகால் மூடி, மஞ்சட் சாயத்தில் தோய்ப்பர். பின்னர், மஞ்சளாக நிற்கவேண்டியவற்றை மூடிச் சிவப்பில் தோய்ப்பர், இறுதியிற் கருஞ்சாயம். இட்ட கோட்டை அழித்தல் அரிது; கை சற்று இறுகினும் ஓடு உடைந்துவிடும். துடுக்கான சிறுவனும் அங்கே மூச்சடக்கி அமர்ந்திருப்பான்.

முடிவில் முட்டை வெறுங் கரிய உருண்டையாகவே தோன்றும். எழுதிய சிலுவையும் மீனும் கதிரவனும் எங்கே? தாய் அதனைச் சுடரின் பக்கத்தே பிடித்து, உருகும் மெழுகைத் துணியால் ஒற்றியெடுப்பாள். மறைந்திருந்த வண்ணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும். முட்டையைக் கிறிஸ்துவின் கல்லறைக்கு ஒப்பிடுதல் கிறித்தவ மரபு. அவ்வுவமையைக் குழந்தைகள் கையாற் செய்தே அறிகின்றனர். திருநாளன்று அம்முட்டைகளைக் கூடையில் ஏந்திக் கோயிலுக்குச் சென்று, குருவின் ஆசி பெற்று, உற்றார்க்கு வழங்குவர்.

சோவியத்து ஆட்சியில் இவ்வழக்கம் சமயச் சார்புடையதென ஒடுக்கப்பட்டது. எனினும், வீடுகளில் மறைவாகவும், கனடா முதலிய நாடுகளிற் குடியேறியோரிடையே வெளிப்படையாகவும் அது நிலைத்தது. 2024-ஆம் ஆண்டில், உக்ரைனும் எஸ்தோனியாவும் வேண்ட, யுனெஸ்கோ இதனை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது.