சப்பாத்திக்கள்ளிப் பழத்தில் செய்யும் ஐஸ் பண்டம்

சப்பாத்திக்கள்ளி என்றதும், நிலத்தை அடைத்துக்கொண்ட பீடையென்றே நம் குடியானவர்களுக்குத் தோன்றும். 1926-ம் வருஷத்தில் இலங்கையினின்று தருவிக்கப்பட்ட ஒருவகைச் சாயப்பூச்சி அதனைப் பெரும்பாலும் அழித்தது. கள்ளியின் தாயகமாகிய மெக்ஸிகோ தேசத்திலோ, அவ்வினத்தில் முள் குறைந்த பெருஞ்சாதியைத் தோட்டமாகவே பயிரிடுகின்றனர். பழத்திற்கு அங்கே 'தூனா' என்று பெயர். அதன் சாற்றை உறையவைத்து உண்பது அங்குப் பழைய வழக்கம்.

பழத்தின் மேலுள்ள சுணையே முதல் இடைஞ்சல். அது தோலில் தைத்தால் எளிதில் வாராது, கண்ணிற்பட்டால் பெருந்துன்பம். ஆகையால் சிறுவரை இவ்வேலையில் விடலாகாது. பழத்தை இடுக்கியாற் பற்றி, நீரில் அமிழ்த்தித் தேய்த்துக் கழுவி, இரு முனைகளையும் அறுத்து, நீளவாக்கிற் கீறித் தோலை விரித்தால், சதை தனியே வந்துவிடும். அதனைப் பிசைந்து சல்லடையில் வடிக்க வேண்டும். விதைகள் கடினமானவை; மிகுதியாக விழுங்கினால் மலச்சிக்கலுண்டாகும்.

சாற்றைக் காய்ச்சலாகாது. காய்ச்சினால் செந்நிறம் மங்குவதோடு 'சி' ஜீவசத்தும் குறையும். சர்க்கரைப் பாகைத் தனியே காய்ச்சி ஆறவைத்துச் சேர்க்கலாம். இப்பழத்தில் புளிப்பு மிகக் குறைவாதலால் எலுமிச்சஞ்சாறு அவசியம். அதே காரணத்தால் சாறு விரைவிற் கெடும். பிழிந்த அன்றே உறையவைப்பது நலம்.

சர்க்கரை கலந்த சாறு வெறும் ஐஸில் உறையாது. மூன்று பங்கு ஐஸ் துண்டுகளுடன் ஒரு பங்கு உப்பைக் கலந்து, அதனிடையே சாற்றுப் பாத்திரத்தை வைத்துச் சுழற்றி, ஓரத்தில் உறைவதைச் சுரண்டிக் கிளறிவர வேண்டும். கிளறாவிடில் கல்லைப்போல் இறுகிவிடும். சர்க்கரை மிஞ்சினாலோ உறையவே மாட்டாது.

நூறு கிராம் சதையில் ஏறக்குறைய 88 கிராம் நீர்; 'சி' ஜீவசத்து 14 மில்லிகிராம், சுண்ணாம்புச்சத்து 56, மக்னீசியம் 85 மில்லிகிராம்; நார்ச்சத்து மூன்றரைக் கிராமுக்குச் சற்று அதிகம். இவற்றுள் மக்னீசியமே மெச்சத்தக்கது. 'சி' ஜீவசத்திற்குக் கொய்யாவே பன்மடங்கு மேல். வடிகட்டுகையில் நார்ச்சத்தில் ஒரு பகுதி கழிந்துபோகும். லிட்டர் சாற்றுக்கு 150 கிராம் சர்க்கரையிட்டால், பழத்தில் இயல்பாயுள்ளதைக் காட்டிலும் நாம் இட்டதே மிகும். ஆகவே நீரிழிவுள்ளவர்கள், கள்ளிப்பழம் அந்நோய்க்கு மருந்தென்று கேள்விப்பட்டு, இதனைத் தாராளமாக உண்ணலாகாது. இது மருந்தன்று; இனிப்புப் பண்டமே.

நம் வேலிகளில் எஞ்சியுள்ள கள்ளியின் பழம் சிறிது, விதையோ அதிகம். சுணை நீக்கும் பாட்டிற்குக் கிடைக்கும் சாறு சொற்பம். வீட்டளவிற் செய்து பார்ப்பதற்கு அது போதும். விற்பனைக்கென்றால் முள்ளற்ற பெருஞ்சாதியையே நடவேண்டும்.