இரண்டாம் வன்தட்டும் கணினியின் தாமதமும்

வினா: இரு வன்தட்டுகள் உள்ள கணினியில், முதலாம் வன்தட்டில் கோப்பொன்றைச் சேமிக்க முனையும்போது திரை சில செக்கன்கள் அசைவற்று நிற்கின்றது. பின்னர் வழமைபோல் இயங்குகின்றது. காரணம் யாது?

விளக்கம்: வன்தட்டினுள் காந்தப்பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன. வேகம் நிமிடத்துக்கு 7200 சுற்றுகள் எனின், செக்கனுக்கு 120 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிசெக்கன். எனவே சுழலும் தட்டில் தாமதம் நமக்குப் புலப்படாது. ஆனால் நெடுநேரம் பயன்படாத வன்தட்டின் சுழற்சியை, மின்சக்தியைச் சேமிப்பதற்காகப் பணிசெயல் முறைமை நிறுத்திவிடும். சேமிக்கும் சாளரம் எல்லா வன்தட்டுகளையும் பட்டியலிடும்போது, ஓய்விலிருந்த இரண்டாவதும் எழுப்பப்படலாம். அது முழு வேகத்தை அடையச் சில செக்கன்கள் தேவை. அதுவரை மென்பொருள் காத்திருக்கும்.

தீர்வு: விண்டோசில் கண்ட்ரோல் பெனல், பவர் ஒப்ஷன்ஸ் ஊடாக, வன்தட்டு நிறுத்தப்படும் நேரத்தைக் கூட்டலாம். மின் செலவு சற்று உயரும். அசையும் பாகங்களற்ற எஸ்.எஸ்.டி.யில் தட்டு சுழலத் தொடங்கும் தாமதம் இல்லை.

கவனிக்க: ஓய்வின் பின் முதல் தடவை மட்டும் தாமதித்தால் அது பழுதோ வைரசோ என அஞ்சி வன்தட்டை ஃபோமட் செய்து கோப்புகளை இழந்துவிடாதீர்கள். மாறாக, 'டிக் டிக்' ஒலி தொடர்ந்து கேட்டால் உடனே கோப்புகளைப் பிரதியெடுங்கள்.

பயிற்சி: வேகம் நிமிடத்துக்கு 5400 சுற்றுகள் எனின் ஒரு சுற்றுக்கான நேரம் யாது?
(விடை: ஏறத்தாழ 11.1 மில்லிசெக்கன்)