டீச்சர் வேலைக்குப் படிப்பது நட்டமா?



இந்த முறை பாடம் கொஞ்சம் கணக்குச் சம்பந்தப்பட்டது. ஒரு கொப்பியும் பேனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டவேண்டும். உயர்தரம் சித்தியடைந்த பிள்ளை இருக்கிற வீட்டில் கட்டாயம் வாசிக்கவேண்டும்.

வெள்ளவத்தையில் கேட்ட கேள்வி

கொழும்புக்கு வேலையாகப் போகும்போதெல்லாம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வேலை செய்கிற எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். அப்படிப் போன ஒரு நாள், காலி வீதியில் ஒரு புடவைக்கடையில் நிற்கிற பிள்ளையைப் பார்க்க அவளுடைய தகப்பனாரும் வந்திருந்தார். பிள்ளை கையில் ஒரு கடிதம். கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவாகி இருக்கிறாள். சேரவேண்டிய திகதியும் அதில் போட்டிருந்தது.

தகப்பனார் கேட்டார்: "ஐயா, புள்ள மாசா மாசம் பதினையாயிரம் அனுப்புது. அத நிப்பாட்டிட்டு மூணு வருசம் படிச்சு, பொறகு டீச்சர் சம்பளத்துக்குத்தான போகணும்? டீச்சர்மாரே சம்பளம் பத்தாதுன்னு ரோட்டுல எறங்குறாங்க. இது நட்டமில்லீங்களா?"

பிள்ளை ஒன்றும் பேசவில்லை. கடிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றாள்.

"படிக்க வையுங்கள், கல்விதான் செல்வம்" என்று சொல்லிவிட்டு வருவது எங்களுக்கு லேசு. ஆனால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

எங்கள் பிழை

சில வருசங்களுக்கு முந்தி, எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவர் கொட்டாஞ்சேனையில் மாடிப்படிக்கு மேலே நடந்த ஒரு தனியார் நிறுவனத்தில் ஆங்கில ஆசிரியர் டிப்ளோமாவுக்குச் சேர்ந்தார். கட்டணம் 85,000 ரூபா. அவருடைய அம்மா எங்களிடம் யோசனை கேட்டபோது "நல்ல காரியம், சேர்த்து விடுங்கள்" என்று சொன்னோம். அம்மா சங்கிலியை அடகு வைத்தார். ஒரு வருசம் கழித்து அழகான சேர்ட்டிபிக்கட் கிடைத்தது. ஆனால் ஆசிரியர் ஆட்சேர்ப்புக்கு வர்த்தமானியில் கேட்டிருந்த தகைமைகளில் அது இல்லை. விண்ணப்பத்தை வாங்கவே இல்லை.

அந்தத் தம்பி இன்றைக்குப் புறக்கோட்டையில் இரும்புக்கடையில் இருக்கிறார். சங்கிலி அடகிலேயே மூழ்கிப் போய்விட்டது. நிறுவனம் எங்கே பதிவாகி இருக்கிறது, அந்தப் படிப்பை அரசாங்கம் ஏற்குமா என்று நாங்கள் விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை. ஆகையால் இப்பொழுதெல்லாம் கணக்குப் பார்க்காமல் நாங்கள் யோசனை சொல்வதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும்.

இந்த வேலை நமக்கு வந்த வழி

1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. தோட்ட நிர்வாகத்தின் கீழ் ஒரு மடுவம், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 1948இல் பிரஜாவுரிமையும் பறிபோனதால் அரசாங்க உத்தியோகத்தை நம்மவர்களில் பெரும்பாலோர் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. 1970களில்தான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. பிரஜாவுரிமைப் பிரச்சினை 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்களோடுதான் தீர்ந்தது.

1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கல்வியியற் கல்லூரிகள் அமைந்தன. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்லூரி வந்தது. இன்றைக்கு நாடு முழுவதும் இப்படியான கல்லூரிகள் இருக்கின்றன. லயத்தில் பிறந்த பிள்ளை கூடையைத் தூக்காமல் மாதச் சம்பளம் வாங்குவதற்கு முதலில் திறந்த பெரிய கதவு ஆசிரியர் வேலைதான். ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் அதிபராக இருந்த இர. சிவலிங்கம் அவர்களைப் போன்ற ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகள் எங்கெங்கோ உயர்ந்தார்கள். இதை நன்றியோடு சொல்லவேண்டும்.

ஆனால் நன்றி வேறு, சம்பளக் கணக்கு வேறு.

தகப்பனார் சொன்னதில் உள்ள நியாயம்

ஆசிரியர் சம்பளம் பத்தாது என்பது வெறும் பேச்சல்ல. 1997 முதல் இருந்த சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி 2021 ஜூலை 12 முதல் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிப் படிப்பித்தலில் இருந்து விலகினார்கள். மூன்று மாதத்துக்கு மேல் அது நடந்தது. 2022 ஜனவரியில்தான் சம்பளம் கூடியது. அதே வருசம் வந்த பொருளாதார நெருக்கடியில் சாமான் விலை ஏறி, கூடிய சம்பளத்தையும் விழுங்கிவிட்டது.

நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் ஒன்று உண்டு. பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு 3,000 பேருக்கு மேல் ஆசிரிய உதவியாளர்கள் தேவை என்று 2014இல் விண்ணப்பம் கோரி, 2015இல் நியமனம் கொடுத்தார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. அப்போது 2013ஆம் ஆண்டு கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத்தில் சேர்ப்புகளோடு ஒரு பேருக்கு 620 ரூபா. 25 பேர் போட்டால் 15,500. கணக்கைப் பாருங்கள். மலையில் கொழுந்து பறித்த அம்மாவுக்கு 15,500, வகுப்பில் நின்று படிப்பித்த மகளுக்கு 6,000! பிறகு அதை 10,000 ஆக்கினார்கள். பயிற்சிக் கலாசாலையில் படித்து முடித்த பிறகுதான் ஆசிரியர் சேவைக்குள் எடுத்தார்கள். பொறுத்திருந்தவர்கள் இன்று நிரந்தர ஆசிரியர்கள். வீட்டுக் கஷ்டம் தாங்காமல் இடையில் விட்டுப் போனவர்களும் உண்டு.

தமிழ்நாட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. 2012இல் அங்கே 16,000க்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 இந்திய ரூபாவுக்கு எடுத்தார்கள். நிரந்தரமாக்கச் சொல்லி வருசக்கணக்காகப் போராட்டம். ஆகவே "டீச்சர்" என்கிற பேரை மட்டும் பார்க்கக்கூடாது. எந்த நியமனம், எந்தச் சேவை என்று பார்க்கவேண்டும்.

இப்போது கணக்கு

பிள்ளையின் கணக்கை வெள்ளவத்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து எழுதினோம். நீங்களும் எழுதுங்கள்.

கடையில் கைக்கு வருவது 32,000. தங்குமிடம், சாப்பாடு, சில்லறைச் செலவு 17,000. வீட்டுக்கு 15,000. கல்வியியற் கல்லூரிப் படிப்பு மூன்று வருசம். இரண்டு வருசம் கல்லூரி விடுதியில், மூன்றாம் வருசம் பாடசாலையில் பயிற்சி. படிப்புக்குக் கட்டணம் இல்லை, சிறு உதவித்தொகை கிடைக்கும், உடுப்புக்கும் பயணத்துக்கும் அதுவே சரியாகிவிடும். அப்படியானால் வீடு இழப்பது 15,000 பெருக்கல் 36 மாதம். அதாவது 540,000 ரூபா. இது சின்னக் காசு இல்லை. கடைப் பாக்கி, சீட்டு, தம்பி தங்கைச்சி செலவு எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது.

மற்றப் பக்கம் பார்ப்போம். அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 இலிருந்து 40,000 ஆக்குவதற்கு 2025 வரவு செலவுத் திட்டத்தில் தீர்மானித்தார்கள். 2025 ஏப்ரலில் தொடங்கி 2027 ஜனவரியில் முழுமையாகும் திட்டம். பயிற்றப்பட்ட ஆசிரியர் அந்த ஆகக் கீழ்ப் படிக்கு மேலேதான் தொடங்குவார். அதற்கு மேல் வாழ்க்கைச் செலவுப் படி 17,800 உண்டு. ஊர்ப்பக்கப் பாடசாலை கிடைத்து, வீட்டிலிருந்தே போய்வந்தால், பிடிப்பனவும் செலவும் போக மாதம் 35,000 வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று வைப்போம். கடையில் இருந்து அனுப்பியதைவிட 20,000 கூட. 540,000ஐ 20,000ஆல் பிரித்தால் 27. நியமனம் கிடைத்து 27 மாதத்தில் இழந்தது திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகு 60 வயது வரை வருவதெல்லாம் மிச்சம்.

கடைச் சம்பளமும் கூடும்தானே என்று கேட்கலாம். கூடும். சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000 ஆனது. ஆனால் கடையில் பத்து வருசம் நின்றவருக்கும் நேற்று வந்தவருக்கும் வித்தியாசம் கொஞ்சந்தான். ஆசிரியருக்கு வருசா வருசம் ஏற்றம், பிரசவ விடுமுறை, தரம் உயர்வு உண்டு. பிறகு தேசிய கல்வி நிறுவகத்திலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ வேலையில் இருந்துகொண்டே பட்டம் முடிக்கலாம். ஓய்வூதியம் எந்த முறையில் என்பதை நியமனக் கடிதத்தில் வாசித்துப் பார்க்கவேண்டும். கடையில் நிற்கிறவர்கள் ஒன்றை மறக்கவேண்டாம். முதலாளி 12 வீதம், நீங்கள் 8 வீதம் சேமலாப நிதிக்குப் போகவேண்டும். போகிறதா என்று கேளுங்கள்.

இந்தக் கணக்கு எப்போது பிழைக்கும்?

மூன்று இடத்தில் பிழைக்கும். முதலாவது, படிப்புக்குக் கடன் வாங்கினால். 540,000 இழப்போடு வட்டியும் சேர்ந்தால் 27 மாதம் என்பது பல வருசமாகிவிடும். இரண்டாவது, படிப்பு முடிந்தும் நியமனம் இல்லாவிட்டால். கலைப்பட்டம் முடித்து வருசக்கணக்காக வீட்டில் இருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். 2020இல் பட்டதாரிகளைப் பயிலுநராக எடுத்தபோது அவர்களுக்கும் மாதம் 20,000தான் கொடுத்தார்கள். பட்டம் கிடைத்தாலே உத்தியோகம் என்ற காலம் போய்விட்டது. மூன்றாவது, நியமனம் கிடைத்த கையோடு பெரிய பேங்க் கடன் எடுத்தால். சம்பளச் சிட்டையில் ஒரு தொகை இருக்கும், கைக்கு வருவது வேறாக இருக்கும்.

ஆகவே காசு கட்டுமுன், கடிதத்தில் ஒப்பமிடுமுன், இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்:

1. இந்தப் படிப்பை முடித்தவர்களை எந்த வேலைக்கு, எந்த வர்த்தமானியின்படி எடுக்கிறார்கள்? அந்த வர்த்தமானியைக் கண்ணால் பார்த்தோமா?

2. பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றதா? தொழிற் பயிற்சி என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? நிறுவனத்துக்காரர் வாயால் சொல்வது போதாது. ஆணைக்குழுவிடமே கேட்கவேண்டும்.

3. மொத்தச் செலவு எவ்வளவு? கட்டணம் மட்டுமல்ல, படிக்கும் காலத்தில் வீட்டுக்கு வராமல் போகிற காசையும் சேர்த்து எவ்வளவு?

4. அந்த இடைக்காலத்தை வீடு எப்படித் தாண்டும்? யார் எவ்வளவு கொடுப்பார்கள்?

நாலாவது கேள்விதான் பெரிய கேள்வி. நம்முடைய பிள்ளைகள் படிப்பை விடுவது மூளை இல்லாமல் அல்ல. நாலாவது கேள்விக்கு வீட்டில் பதில் இல்லாமல்தான்.

தேயிலை மலையில் மிச்சம்

இன்னொரு விசயம் காசுக் கணக்கில் எழுத முடியாது. தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் படிப்பிக்க இன்னும் ஆள் போதாது. வெளியிலிருந்து வருகிறவர்கள் இடமாற்றம் எப்போது கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். லயத்திலிருந்து போன டீச்சருக்கு, பிள்ளை ஏன் திங்கட்கிழமை வரவில்லை என்பது கேட்காமலே விளங்கும். ஆனால் இதைச் சொல்லி ஒரு பிள்ளையின் தலையில் தோட்டத்தின் பாரத்தையெல்லாம் வைப்பது நியாயமில்லை. கணக்குச் சரியாக வந்தால் இது கூடுதல் சந்தோசம். கணக்கு வராவிட்டால் வேறு நல்ல தொழிலுக்குப் படிப்பதில் குறை ஒன்றும் இல்லை.

கடைசியில் என்ன நடந்தது?

தேத்தண்ணி ஆறிப்போகும் வரை தகப்பனார் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருவத்தேழு மாசம் சரிங்க. அதுக்கு முந்தின முப்பத்தாறு மாசம்?" என்று கேட்டார். சரியான கேள்வி. கொட்டாஞ்சேனையில் பேக்கரியில் வேலை செய்யும் மூத்த மகனுக்குப் போன் எடுத்தார்கள். அவர் மாதம் 8,000 கூடுதலாக அனுப்புவதாக ஒத்துக்கொண்டார். 15,000க்கு 8,000. மீதி 7,000க்கு, சீட்டு ஒன்றை நிறுத்துவது, கடைப் பாக்கியைத் தவணை போட்டுக் கட்டுவது என்று எழுதினோம். முழுக்க அடைபடவில்லை. மாதம் 2,000 துண்டு விழுந்தது. "அத நான் கவ்வாத்துல பாத்துக்கிறேன்" என்றார் தகப்பனார்.

பிள்ளை இப்போது கல்லூரியில் இருக்கிறாள். நியமனம் இன்னும் வரவில்லை, வரவேண்டிய காலமும் ஆகவில்லை. அவள் பணக்காரி ஆவாள் என்று நாங்கள் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துப் போனாள் என்று மட்டும் சொல்கிறோம். கொட்டாஞ்சேனைத் தம்பியின் வீட்டுக்கு நாங்கள் செய்யாததை இந்த வீட்டுக்குச் செய்தோம்.

தெரிவுக் கடிதமோ, நிறுவனங்களின் விளம்பரமோ கையில் இருக்கிறவர்கள் கடைசித் திகதிக்கு முந்தி நலன்புரிக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். கூடவே வீட்டு வரவு செலவு எழுதிய ஒரு துண்டும் கொண்டுவாருங்கள். கூச்சப்பட வேண்டாம். இருந்து எழுதிப் பார்ப்போம்.

வீட்டில் பேசிப் பார்க்க:

அ. எங்கள் வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு மூன்று வருசம் கொடுக்க மாதம் எவ்வளவு தேவை? அதில் எவ்வளவு ஏற்கெனவே இருக்கிறது?

ஆ. கொழும்பில் இருக்கிற பிள்ளைக்கு சேமலாப நிதி கட்டுகிறார்களா? கணக்கு இலக்கம் தெரியுமா?

இ. ஆசிரியர் வேலை இல்லாவிட்டால், கட்டணமில்லாமல் படித்து வேலைக்குப் போகக்கூடிய வேறு இரண்டு படிப்புகளின் பேர் சொல்ல முடியுமா?