கேள்வித்தாளுக்கும் டெஸ்டிங் வேணும்

ஒரு ஆப் செஞ்சா, வெளியிடுறதுக்கு முன்னாடி நாலு பேர் கையில கொடுத்து டெஸ்ட் பண்றோம். ஒரு தேர்வின் கேள்வித்தாளையும் அப்படிச் சோதிக்க முடியுமா? முடியும். அதுக்குன்னே ஒரு முறை இருக்கு. ஆசிரியர் தகுதித் தேர்வை, அதாவது டெட் தேர்வை, உதாரணமா வச்சுப் பார்ப்போம்.

36 விநாடி

தமிழ்நாட்டின் முதல் டெட் 2012 ஜூலை 12 அன்று நடந்தது. 150 கேள்விகள், ஒன்றரை மணி நேரம், தேர்ச்சிக்கு 90 மதிப்பெண். வகுத்துப் பாருங்க: ஒரு கேள்விக்கு 36 விநாடிதான். அதுக்குள்ள கேள்வியையும் நாலு விடைகளையும் படிச்சு, யோசிச்சு, வட்டத்தை நிரப்பணும். 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினாங்க. தேறியவர்கள் 2,448 பேர். அதே ஆண்டு அக்டோபரில் நடந்த துணைத்தேர்வுக்கு மூன்று மணி நேரம் கொடுத்தாங்க. சுமார் 19,000 பேர் தேறினாங்க. தேர்ச்சி கூடினதுக்கு வேற காரணங்களும் இருக்கலாம். ஆனா நேரம் போதுமா போதாதா என்பது, ஐம்பது பேரை உட்கார வச்சு எழுத வச்சாலே தெரிஞ்சிடும்.

ஒரே ஒரு மதிப்பெண்

2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஆசிரியர் தேர்வு எழுதிய ஒருத்தர் 89 எடுத்திருந்தார், 90 தேவை. வந்தே மாதரம் முதலில் எந்த மொழியில் எழுதப்பட்டது என்ற கேள்விக்கு அவர் வங்கமொழி என்று எழுதியிருந்தார். விடைக்குறிப்பில் இருந்தது சமஸ்கிருதம். கடைசியில் அந்த ஒரு மதிப்பெண்ணை அவருக்குத் தரச் சொன்னது நீதிமன்றம். யோசிச்சுப் பாருங்க: ஒரு கேள்வியின் குழப்பம் ஒருத்தரோட வேலையையே நிறுத்தி வைக்குது.

எப்படிச் சோதிக்கிறாங்க?

ரெண்டு வழி. ஒண்ணு, உண்மையான தேர்விலேயே மதிப்பெண் சேராத புதுக் கேள்விகளைக் கலப்பது. 2023 செப்டம்பருக்கு முன்னாடி ஜி.ஆர்.இ. எழுதிய சீனியர்களைக் கேளுங்க. மதிப்பெண் இல்லாத பகுதி ஒண்ணு வரலாம், ஆனா அது எதுன்னு சொல்ல மாட்டாங்க. அமெரிக்காவில் ஆசிரியர் உரிமத்துக்கு எழுதும் பிராக்ஸிஸ் தேர்விலும் இப்படிக் கேள்விகள் கலந்திருக்கலாம். இன்னொண்ணு, தன்னார்வலர்களைத் தனியா கூப்பிட்டு எழுத வைப்பது.

அப்புறம் சின்ன கணக்கு. 100 பேர் எழுதினதா வைங்க. 62 பேர் சரியா எழுதினா, அந்தக் கேள்வியின் எளிமை எண் 0.62. அடுத்து, மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே 27 பேரையும் கீழே 27 பேரையும் பிரிங்க. ஒரு கேள்விக்கு மேல் குழுவில் 24 பேர், கீழ் குழுவில் 6 பேர் சரின்னா, (24 − 6) ÷ 27 = 0.67. படிச்சவரையும் படிக்காதவரையும் நல்லாப் பிரிக்குது, வச்சுக்கலாம். இன்னொரு கேள்விக்கு மேலே 8, கீழே 17 என்றால் −0.33. நல்லாப் படிச்சவங்கதான் அதிகமா 'தப்பு' பண்ணியிருக்காங்க. அப்போ சந்தேகப்பட வேண்டியது அவங்களை இல்லை, விடைக்குறிப்பை. வந்தே மாதரம் மாதிரிக் கேள்வி இந்த இடத்தில்தான் மாட்டும்.

யார் எழுதணும்?

இங்கேதான் பலரும் கோட்டை விடுறோம். இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச நாம நூறு பேர் மட்டும் எழுதிட்டு "பேப்பர் ஈஸி"ன்னு சொன்னா அதுக்கு அர்த்தமே இல்லை. டெட் எழுதப் போறவங்க உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் தமிழ் வழியில் படிச்சு, ஆசிரியர் பயிற்சி முடிச்ச அக்காக்களும்தான். வேலைக்கு நடுவில் படிக்கிற ஆசிரியர்களும்தான். ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் 2 ஆண்டுக்குள் டெட் தேறணும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இவங்க எல்லாரும் சோதனையில் இருக்கணும்.

நமக்கும் வேலை இருக்கு. கேள்வித்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருது. ரெண்டும் ஒரே விஷயத்தைத்தான் கேட்குதான்னு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தகுதி விதியைத் திருத்துறது உத்திரமேரூருக்குப் புதுசும் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டில், 919-ல் சபை உறுப்பினருக்கு வயது 30 முதல் 60. 921-ல் அதை 35 முதல் 70 என்று மாத்தியிருக்காங்க.

நீங்க தன்னார்வலரா போனா

மதிப்பெண் இல்லைதானேன்னு கண்ணை மூடிக்கிட்டு வட்டம் நிரப்பாதீங்க. அது மொத்தக் கணக்கையும் கெடுத்துடும். ரெண்டு தடவை படிக்க வச்ச வாக்கியத்தைக் குறிச்சு வைங்க. ரெண்டு விடை சரின்னு தோணினா, ஏன்னு ஒரு வரி எழுதுங்க. செல்போனில் படம் எடுக்காதீங்க, வாட்ஸ்அப்பில் போடாதீங்க. வெளியே போன கேள்வியை அப்புறம் பயன்படுத்தவே முடியாது.

பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வுக்குக் கேள்வி தயாரிக்கிற நண்பர் உங்களுக்கு இருந்தா, இந்த வாரமே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டு இந்தக் கணக்கைச் செஞ்சு கொடுங்க. முப்பது பேரோட விடைகள் கிடைச்சாலே மோசமான கேள்வி கண்ணில் பட ஆரம்பிச்சிடும். கேள்வியில் இருக்கும் தப்பு இப்போ தெரிஞ்சா யாருக்கும் நஷ்டமில்லை. தேர்வு அன்னைக்குத் தெரிஞ்சா, அதோட விலையை 89 எடுத்தவர்தான் கொடுக்கணும்.