வாட்ஸ்அப்பில் எண்ணைப் பதிதலும் பேச்சைத் தொடங்குதலும்

மலைநாட்டில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செய்தி செல்வது எக்காலத்திலும் எளிதாக இருந்ததில்லை. கண்ணுக்கெதிரே தெரியும் ஹட்டியை அடைய ஒரு பள்ளத்தில் இறங்கி மறு மேட்டில் ஏறியாக வேண்டும். குன்னூர் வட்டாரத்தைச் சேர்ந்த உபதலை, எடப்பள்ளி, வண்டிச்சோலை, பேரட்டி, மேலூர், பர்லியார் ஆகிய பஞ்சாயத்துகளில் குடியிருப்புகள் ஒரே இடத்தில் திரண்டிருப்பவை அல்ல. ஹட்டிகள், தோட்ட லயன்கள், பழங்குடியினர் கிராமங்கள் எனச் சரிவுகளெங்கும் சிதறிக் கிடக்கின்றன. தண்டோரா ஒலி இங்கு எட்டும் தூரம் சொற்பமே. ஆகவே, இன்று பெரும்பாலான வீடுகளில் கைப்பேசியும் அதில் வாட்ஸ்அப்பும் இருப்பது நமக்குப் பெரும் அனுகூலமாகும். எனினும், "பஞ்சாயத்திலிருந்து செய்தி அனுப்பினோம்" என்று ஒரு சாராரும், "எங்களுக்கு வரவேயில்லை" என்று மற்றொரு சாராரும் சொல்லக் கேட்கிறோம். இரு சாராரும் கூறுவது உண்மையாக இருக்கக்கூடும். அதன் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்புவதற்கு வாட்ஸ்அப்பில் 'பிராட்காஸ்ட் பட்டியல்' என்றொரு வசதி உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அனுப்புகிறவர் நம் எண்ணைப் பதிந்து வைத்திருந்தால் மட்டும் போதாது. அவருடைய எண்ணை நாமும் நமது கைப்பேசியில் பதிந்திருத்தல் வேண்டும். அவ்வாறு பதியாதவருக்கு அச்செய்தி சென்று சேர்வதில்லை. கடைவீதியில் கூட்டத்தைப் பார்த்துக் கூவும் விற்பனைக்காரர் கைக்குக் கை அறிமுகம் இல்லாதவருக்குச் செய்தி அனுப்பித் தொல்லை தராதிருக்கவே இந்த ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மழைக்காலத்தில் அதுவே நமக்கு இடையூறாகிவிடுகிறது.

2009ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தை நீலகிரி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்மாதம் 10ஆம் தேதியன்று கேத்தியில் ஒரே நாளில் பதிவான மழை 82 சென்டிமீட்டர். மண்சரிவுகளில் மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தகைய இரவில், "மேட்டுக்கு அடியிலுள்ள வீட்டைவிட்டு உடனே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள்" என்னும் ஒரு வரிச் செய்தி, எண் பதியப்படாத ஒரே காரணத்தால் ஒரு குடும்பத்துக்குக் கிட்டாமற் போகுமாயின் அதன் விளைவு என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. தேயிலை விவசாயிக்கும் இதே விஷயம் பொருந்தும். நாளை இலை எடுக்க வண்டி வராது என்று முதல்நாள் மாலையே தெரிந்தால் அவர் பறிப்பை நிறுத்திக்கொள்வார். தெரியாவிட்டால், பறித்த பசுந்தேயிலை மூட்டையிலேயே சூடேறிக் கெட்டுவிடும்.

இனி, எண்ணைப் பதியும் முறையைக் காண்போம். வாட்ஸ்அப்பைத் திறந்தால், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் திரையின் கீழ்ப்புறம் வலது மூலையில் பச்சைப் பொத்தான் ஒன்று தென்படும். அதைத் தொட்டு, 'புதிய தொடர்பு' என்பதைத் தேர்ந்து, பெயரையும் பத்து இலக்க எண்ணையும் எழுதிச் சேமிக்க வேண்டும். அவ்வளவே. அந்த எண்ணுக்குரியவர் வாட்ஸ்அப் வைத்திருப்பின் அவர் பெயர் பட்டியலில் தோன்றும். தொட்டால் பேச்சு தொடங்கும். எழுதுவதில் தடுமாற்றம் உள்ளவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. அமைப்புகள் பகுதியில் நம் பெயருக்கு அருகே கட்டம் கட்டமாக ஒரு சிறு சித்திரம் இருக்கும். கியூஆர் குறியீடு எனப்படும் அதனை மற்றவர் தம் கைப்பேசியின் கேமராவில் காட்டினால், எண்ணை எழுதாமலேயே சேமித்துக்கொள்ளலாம்.

பெயரை எழுதுவதில் நம் மலைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. போஜன், பெள்ளி, ஜோகி, ராமன் என்ற பெயருடையோர் ஊருக்குப் பலர் இருப்பர். வெறும் 'போஜன்' என்று ஐந்து பேரைப் பதிந்துவிட்டு, அவசரத்தில் எவருக்கோ செய்தி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. முதலில் ஊர், பின்பு பெயர், அதன்பின் தொழில் என்ற வரிசையில் எழுதிப் பாருங்கள்: 'மேலூர் போஜன் இலைவண்டி', 'உபதலை பஞ்சாயத்து அலுவலகம்'. ஊர்ப்பெயரை முதலில் எழுதினால் ஓர் ஊரார் அனைவரும் பட்டியலில் அடுத்தடுத்து நிற்பர். தேடுவதும் சுலபம்.

லயன்களில் வாழும் தாயகம் திரும்பிய குடும்பத்தினர் பலருக்கு இலங்கையில் இன்றும் உற்றார் உளர். அங்குள்ளோர் தம் எண்ணைப் பூஜ்யத்தில் தொடங்கித்தான் எழுதுவார்கள். அந்தப் பூஜ்யத்தை நீக்கி, கூட்டல் குறியும் 94உம் முன்னே சேர்த்துப் பதிய வேண்டும். நம் எண்ணை அவர்கள் பதிவதாயின் கூட்டல் குறியுடன் 91 சேர்க்க வேண்டும்.

எண்ணைப் பதிந்தபின் பேசத் தொடங்குவது எவ்வாறு? அறிமுகமில்லாதவரின் வீட்டு வாசலில் நின்று எவரும் 'வணக்கம்' என்று மட்டும் கூறிவிட்டு மௌனமாக இருப்பதில்லை. இன்னார், இன்ன ஊர், வந்த காரியம் இன்னது என்று தெரிவிப்பதே நம் மரபு. ஆனால் நம் அலுவலகங்களுக்கு 'ஹலோ', 'சார்' என்பதோடு நின்றுவிடும் செய்திகளே மிகுதியாக வருகின்றன. கேட்டு எழுதிப் பதில் பெறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. முதற்செய்தியிலேயே முழு விவரமும் இருத்தல் நலம். உதாரணமாக: "வணக்கம். நான் பேரட்டி பஞ்சாயத்து 3ஆவது வார்டில் வசிப்பவன். எங்கள் வீட்டுக்குப் பின்புற மேட்டில் இன்று காலை தரையில் விரிசல் கண்டது. ஊற்று நீர் கலங்கி வருகிறது. நான்கு வீடுகள் அடியில் உள்ளன. படமும் இருப்பிடமும் அனுப்பியுள்ளேன்." இத்தகைய செய்தியைக் காணும் எந்த உத்தியோகஸ்தரும் மறுகேள்வி கேட்க வேண்டியதில்லை. எழுத இயலாதோர் ஒலிவாங்கிச் சித்திரத்தை அழுத்திப் பிடித்துப் பேசி அனுப்பலாம். படுக மொழியிலேயே பேசினாலும் குறையில்லை. கேட்டுச் சொல்ல அலுவலகத்தில் ஆள் இருப்பார்.

அனுப்பிய செய்திக்குக் கீழே ஒரே ஒரு குறி இருந்தால் அது இன்னும் அவர் கைப்பேசியை அடையவில்லை என்றும், இரண்டு குறிகள் விழுந்தால் அடைந்துவிட்டது என்றும் கொள்க. உயிருக்கு ஆபத்தான வேளையில் குறி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 அல்லது 112 எண்ணை அழைத்துப் பேசிவிட வேண்டும்.

இத்தனை தொல்லை எதற்கு, அனைவரையும் ஒரு குழுவில் சேர்த்துவிடலாமே என்று அங்கத்தினர் சிலர் கேட்கின்றனர். குழுவில் எண்ணைப் பதியாதவருக்கும் செய்தி சேரும் என்பது மெய்தான். 1,024 பேர் வரை இடமும் உண்டு. ஆயினும் நாம் கண்ட அளவில், காலை வணக்கப் படங்களுக்கும் திருவிழாப் புகைப்படங்களுக்கும் நடுவே மழை எச்சரிக்கை புதைந்துபோகிறது. குழு அமைப்பதாயின் நிர்வாகிகள் மட்டுமே செய்தி இடலாம் என்ற கட்டுப்பாட்டை இட்டுக்கொள்க. மேலும், குழுவில் ஒருவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். இதனைப் பெண்கள் பலர் விரும்புவதில்லை. அவர்கள் தயக்கம் நியாயமானதே. தனியுரிமை அமைப்பில் 'குழுக்கள்' என்பதன் கீழ் 'எனது தொடர்புகள்' என்று வைத்துக்கொண்டால், நாம் எண் பதியாத எவரும் நம்மை நேரே குழுவில் சேர்க்க இயலாது.

பதியாத எண்ணிலிருந்து வரும் செய்தியைப் பற்றி ஜாக்கிரதையாக இருத்தல் வேண்டும். எண்ணுக்கு அருகே தோன்றும் பெயரும் படமும் அவரே சூட்டிக்கொண்டவை. அதிகாரிகளின் படத்தை வைத்துப் பணம் கேட்ட மோசடிகள் பல மாவட்டங்களில் நிகழ்ந்துள்ளன. பணம் இழந்தோர் தாமதமின்றி 1930 எண்ணை அழைக்க வேண்டும். வதந்தியோ இதனினும் கொடிது. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குச் சென்ற முதிய பெண்மணி ஒருவர் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகிக்கப்பட்டு ஊராரால் அடித்துக் கொல்லப்பட்டார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை. நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நேர்ந்தமையால், ஒரே வேளையில் ஐந்து பேருக்கு மேல் ஒரு செய்தியைத் திருப்பி அனுப்ப இயலாதவாறு அவ்வாண்டு ஜூலையில் இந்தியாவில் வரையறை செய்யப்பட்டது.

குன்னூருக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவம். ஆதலால் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்திற்குள் ஒவ்வொரு வார்டிலும் வீடு வீடாகச் சென்று எண்களைச் சரிபார்த்தல் வேண்டும். சிம் மாற்றியவர்கள் பலர் இருப்பார்கள். கைவிடப்பட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிடுவதும் உண்டு. செல்வோர் அவ்வீட்டாரின் எண்ணை எழுதிக்கொண்டு திரும்பிவிடாமல், பஞ்சாயத்து எண் அவர்கள் கைப்பேசியில் பதியப்படும்வரை உடனிருந்து, ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, இரண்டு குறிகள் விழுந்ததைப் பார்த்தபின் அடுத்த வீட்டுக்குச் செல்லலாம். கைப்பேசி இல்லாத வீடுகளையும், சிக்னல் கிட்டாத லயன்களையும் தனியே குறித்துக்கொண்டு, அவ்வீட்டாருக்கு நேரில் சென்று சொல்ல அண்டை வீட்டார் ஒருவரின் பெயரையும் எதிரே எழுதி வைக்கவும்.